டயருக்குள் தேங்கும் மழை

ஐப்பசி பிறந்ததும் தாம்பரம் பக்கத்துத் தெருக்களில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச் விளக்கோடு வீடு வீடாக வருவார்கள். வீட்டைச் சுற்றி எதெல்லாம் கிடக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லும் பட்டியல் நமக்கு மனப்பாடம்: பழைய டயர், உடைந்த பானை, கொட்டாங்குச்சி, பெயின்ட் டப்பா, ஆட்டுக்கல். கழிவுப் பொருளில் தோட்டம் போடக் கற்றுத்தருபவர்கள் சேர்த்து வைக்கச் சொல்வதும் இதையேதான்.

கேன் தண்ணீரை நம்பி வாழும் புறநகர் இது. விரிசல் விட்ட 20 லிட்டர் கேனைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கீரைத் தொட்டி. மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் தக்காளி காய்க்கிறது. சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் மாடிக்கு மாடி இந்தக் கைவேலையைப் பார்க்கலாம். குப்பை மேட்டுக்குப் போகவேண்டியது செம்பருத்தியைச் சுமந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் சுற்றுச்சுவரில் வண்ணம் பூசி மாட்டிய டயரைக் கண்டால் கிட்டே போய் உள்ளே எட்டிப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

டயரின் வடிவம் அப்படி. படுக்கப் போட்டாலும் நிறுத்தி வைத்தாலும் சுவரில் தொங்கவிட்டாலும் அதன் உள்வளைவில் ஓரிடத்தில் தண்ணீர் நிற்கும். கறுப்பு ரப்பர் வெயிலை வாங்கிக்கொள்ள, உள்ளே நிழலும் கதகதப்பும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள், பத்து நாள் போதும். இதே இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு, கப்பலேறிய பழைய டயர்களுக்குள் இருந்தபடியே கடல் கடந்தது. 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அது வேரூன்றியிருப்பது தெரியவந்தது.

‘தண்ணீரைக் கொட்டிவிட்டோமே’ என்பார்கள். கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரோடு ஒட்டி முட்டையிடும். காய்ந்த நிலையில் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும். அடுத்த மழையில் நீர் ஏறி அதைத் தொட்டால் பொரிந்துவிடும். வாரம் ஒரு முறை தென்னை நார் கொண்டு அழுத்தித் தேய்த்தால்தான் போகும். கார்த்திகை மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் படும் பாட்டைப் பார்த்த நாம், ஒரு கைப்பிடித் தண்ணீரைப் பெரிதாக நினைப்பதில்லை. எனக்கு அந்தக் கைப்பிடிதான் பயம்.

டயரை எரிப்பதைவிடச் செடி வைப்பது மேல் என்பவர்கள் இருக்கிறார்கள், அது சரிதான். அப்படியானால் துளை போடுங்கள். தரையில் வைக்கிற டயருக்கு அடிப்பக்கம் நாலைந்து இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. தொங்குகிற டயருக்குக் கீழ்வளைவில். உள்விளிம்பு வரை மணலை அடைத்துவிடுங்கள். பழைய வாஷ்பேசினில் அல்லி வளர்ப்பவர்கள் நாலு கப்பி மீனை விட்டால் புழுவைத் தின்றுவிடும். அந்த மீனை ஏரியில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள்.

சண்டிகரில் நெக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957-ல் யாருக்கும் தெரியாமல் தொடங்கிய பாறைத் தோட்டம் 1976-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. உடைந்த வளையல், பீங்கான், ஓடு என்று ஊர் எறிந்ததையெல்லாம் சிமென்ட்டில் பதித்து ஆட்களையும் மிருகங்களையும் படைத்தார். குழியுள்ள பொருளைக்கூட உடைத்துச் சில்லாக்கிப் பதித்துவிட்டால் தண்ணீர் எங்கே நிற்கும்? நம் பக்கத்தில் வீடு இடிக்காத தெரு இல்லை. அடுக்ககம் எழும்பும் இடமெல்லாம் தரை ஓட்டுச் சில்லு குவிந்து கிடக்கிறது. டயரை அன்னமாக வெட்டி வைப்பதை விட்டுவிட்டுப் பூங்காத் திண்ணைகளில் அந்தச் சில்லுகளைப் பதிக்கலாம். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, தூண் தூணாகப் பிரித்து வந்து, மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். பழையதை எடுத்தாளும் கலை இங்கிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் பாட்டி காலத்து ஆட்டுக்கல் ஒன்று தோட்டத்துக்கு அழகு என்று கிடந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் குழிக்குள் பார்த்தேன், புழுக்கள் நெளிந்தன. மறுநாளே கடப்பாரை போட்டு இரண்டு பேராகக் கவிழ்த்தோம். இப்போது அதன் முதுகில் கறிவேப்பிலைத் தொட்டி நிற்கிறது.