வாய் கேட்கிறதா, வயிறு கேட்கிறதா?

அடைமழை நாளிலும் பாடசாலை விடுமுறையிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகாமல் கை மீண்டும் பிஸ்கட் டின்னைத் தேடிப் போவது நம்மில் பலருக்குத் தெரிந்த அனுபவம். வீட்டார் கேலி செய்வார்கள். நாமும் நம்மையே நொந்துகொள்வோம். ஆனால் இது வாய்க்கட்டுப்பாடு பற்றிய விடயம் மட்டும்தானா?

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொரோனா அபாயம் கூடிய மாவட்டங்களில் ஒன்றாகக் கண்டியும் குறிப்பிடப்பட்டது. அம்மாத இறுதியில் அக்குறணை முற்றாக முடக்கப்பட்டது. பாடசாலை வேனும் இல்லை, வேலைக்குப் போகும் பஸ்ஸும் இல்லை. பொருட்கள் மட்டும் வாகனங்களில் வாசலுக்கு வந்தன.

ஊரடங்கு தளர்ந்த பின்னர், என் பணியின் நிமித்தம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு தாயைச் சந்தித்தேன். அவர் நீரிழிவு நோயாளி. "பசியே இல்ல மிஸ். ஆனா பொழுது போகணும்ல? ஒரு பிளேன்டீ, ரெண்டு பிஸ்கட், அப்புறம் பிள்ளைங்க மிச்சம் வெச்சது" என்றார். அந்நாட்களில் அரச வைத்தியசாலை கிளினிக் நோயாளர்களுக்கு மாத்திரைகள் தபாலில் அனுப்பப்பட்டன. அவருக்கும் மாத்திரை தவறாமல் வந்தது. ஆனால் வேலைக்குப் போய்வரும் நடை நின்றுவிட்டது, தீனி கூடிவிட்டது. மறுபடி கிளினிக் சென்றபோது இரத்தத்தில் சீனி முன்னரைவிட ஏறியிருந்தது.

சமூகவியல் படித்த காலத்தில் அறிந்த ஓர் ஆய்வு அப்போது நினைவுக்கு வந்தது. ஒஸ்திரியாவில் மரியெந்தால் என்ற கிராமத்தின் நெசவாலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. அங்கு மரீ யஹோடாவும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 1933இல் நூலாக வெளிவந்தது. வேலையற்ற ஆண்களிடம் நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றைய பொழுதில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெண்களின் நாளையோ வீட்டு வேலைகள் வகுத்துக் கொடுத்தன.

நமது தாய்மாருக்கு ஊரடங்கில் வேலை குறையவில்லை, இரட்டிப்பானது. ஆனால் அந்த வேலை முழுவதும் குசினியில், டின்களுக்குப் பக்கத்தில். நாளைப் பிரித்துக் காட்டிய வேனும் பஸ்ஸும் இல்லாதபோது, தேநீரும் தின்பண்டமுமே மணிக்கூடாகிவிட்டன. ஆகவே சகோதரிகளே, முதலில் உங்களைக் குறை சொல்வதை விடுங்கள். குலைந்துபோன நாளைச் சரிசெய்யுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. வெளியே போகாத நாளிலும் மூன்று வேளை உணவுக்கும் மாலைத் தேநீருக்கும் நேரம் குறியுங்கள். அதைக் குடும்பத்தார் எல்லோரும் அறியட்டும்.

2. இடையில் ஏதாவது தின்னத் தோன்றினால் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு, "இப்போது சோறும் பருப்பும் தந்தால் சாப்பிடுவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் கேட்பது வயிறு. மிக்சர் மட்டும்தான் வேண்டுமென்றால் கேட்பது வாய்.

3. டின்னோடு தொலைக்காட்சிக்கு முன் அமராதீர்கள். ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, டின்னை மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள்.

4. சீனியை எண்ணுங்கள். நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது ஏறத்தாழ 6 தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. இரண்டு தேக்கரண்டி சீனி போட்டு ஐந்து பிளேன்டீ குடித்தால் அதுவே பத்து ஆகிவிடுகிறது. போத்தல் பானம் வாங்கும்போது அதிலுள்ள நிறக்குறியைப் பாருங்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம்.

5. பிள்ளைகளுக்கு முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் கொடுங்கள். மிச்சம் தின்று தீர்ப்பது தாயின் கடமையல்ல.

6. கைக்கும் காலுக்கும் வேலை கொடுங்கள். தையல், பூச்சட்டி, படிக்கட்டில் ஏறி இறங்குதல் எதுவாயினும் சரி. பேச ஆளில்லாத சலிப்புக்குத் தின்பண்டம் மருந்தல்ல. அக்காவுக்கோ தோழிக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

சமையலறையில் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் கைகொடுத்தால், தாய்க்கு அங்கிருந்து வெளியே வர அரை மணித்தியாலமாவது கிடைக்கும். அதுவும் இதற்கொரு மருந்தே.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அதே 2020இல் நாட்கூலிக் குடும்பங்கள் பல, அரசு கொடுத்த 5,000 ரூபாவை நம்பியிருந்தன. அவ்வீடுகளில் டின்கள் காலியாகவே இருந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண்சரிவால் கண்டிப் பகுதியில் பாதைகள் அடைபட்டன. அப்படியான நாட்களில் வீட்டிலுள்ளதைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். பசிக்காத நேரத்தில் நாம் தின்னாமல் வைப்பது நம் உடலுக்கு நல்லது; நாளைய சமையலுக்கும் உதவும்; சிலவேளை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பசிக்கும் உதவும். அடுத்த முறை கை டின்னுக்குப் போகும்போது இதை ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.