இரவு 10 மணிக்கு மைக் ஆஃப்... விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து என்ன ஆகும்? ஜவ்வாது மலை முதல் புரிசை வரை ஒரு பார்வை

ஜவ்வாது மலைக்கு டூர் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, 'நைட்டு அங்க என்ன இருக்கு?' என்பதுதான். பகலில் பீமன் அருவி, படகுக் குழாம், காவலூர் வானாய்வகம் என்று பட்டியல் ரெடி. இருட்டிய பிறகு? ஜமுனாமரத்தூரில் பப் கிடையாது, டிஜே நைட் கிடையாது. கடைகளும் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிடும்.

ஆனால் திருவிழா சீசனில் போய்ப் பாருங்க. இந்த மலையிலும் அடிவாரத்திலும் ஊரே தூங்காத ராத்திரிகள் உண்டு. காரணம், தெருக்கூத்து. இரவு 10 மணி வாக்கில் சூடு பிடித்து, காலை 6 மணி வாக்கில் முடியும்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒலிபெருக்கிக்குச் சட்டம் போட்டிருக்கும் தடை நேரமும் இரவு 10 முதல் காலை 6 வரைதான்.

அப்படியானால் கூத்து நடத்துவது சட்டப்படி தப்பா? விதி உண்மையில் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கூத்தும் இந்த மலையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. இங்கு பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து கேரளா என்று நினைச்சிடாதீங்க. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி மரபு.

இந்த வட்டாரத்துக்கும் கூத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. பத்துப்பாட்டில் கடைசி நூல் மலைபடுகடாம். 583 அடிகள். நன்னன் என்ற மன்னனிடம் பரிசு பெற்ற கூத்தர், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதுதான் நூலின் கதை. அதனாலேயே இதற்குக் 'கூத்தராற்றுப்படை' என்றும் பெயர். நன்னனின் ஊர் செங்கண்மா. அது ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் இன்றைய செங்கம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அந்தக் கூத்தும் இன்றைய தெருக்கூத்தும் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் கலைஞர்கள் குழுவாக மலைப்பாதையில் ஊர் ஊராகப் போய் ஆடிய காட்சி நமக்குப் புதுசு இல்லை.

ஏன் விடிய விடிய நடத்தணும்?

'ரெண்டு மணி நேரத்தில் முடிச்சா என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதல் காரணம், கதை. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு. ராத்திரியில் அதே கதை கூத்தாக நடக்கும். கடைசி ராத்திரிக் கூத்து முடிந்ததும் காலையில் படுகளம். களத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் படுத்திருக்கும். பீமன் வேடக்காரர் அதன் தொடையைப் பிளப்பார். திரௌபதி கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி. அதாவது ராத்திரிக் கூத்து தனி நிகழ்ச்சி கிடையாது, மறுநாள் சடங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி. பாதியில் நிறுத்தினால் விடியற்காலைச் சடங்கு அந்தரத்தில் நிற்கும்.

சாவு வீடுகளிலும் கூத்து உண்டு. கருமாதியை ஒட்டி 'கர்ண மோட்சம்' வைப்பார்கள். இறந்தவருக்கு நல்ல கதி கிடைக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் நடப்பது அது. கர்ணன் மோட்சம் அடையும் முன் மைக்கைப் பிடுங்கினால் அந்த வீட்டுக்காரங்க மனசு என்ன பாடுபடும்?

இரண்டாவது காரணம், வழி. பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வருகிறவர்கள் நள்ளிரவில் எப்படித் திரும்புவார்கள்? கடைசி பஸ் போயிருக்கும். மலை என்றால் காட்டுவழி வேறு. விடிந்த பிறகு கிளம்புவதுதான் பாதுகாப்பு. குழந்தைகள் பாயில் தூங்கும், பாட்டிகள் விழித்திருப்பார்கள், டீக்கடையில் அடுப்பு அணையாது. அந்த ஒரு ராத்திரி ஊரே ஒரு திறந்தவெளி அரங்கமாகிவிடும்.

மூன்றாவது காரணம், கூலி. ஒரு ஜமாவில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். வேடக்காரர்கள், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம், பின்பாட்டு என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். சீசனில் கிடைக்கும் ராத்திரிகள்தான் வருஷ வருமானத்தின் பெரும்பகுதி. ராத்திரி சுருங்கினால் அந்தப் பேச்சும் சுருங்கும்.

விதி என்ன சொல்கிறது?

இதற்கு அடிப்படை, ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. முக்கியமான அம்சங்கள் இவை:

* எந்த நேரமாக இருந்தாலும் ஒலிபெருக்கி வைக்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அனுமதி தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட, டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரிக்கு உண்டு.

* இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. 2010-ல் வந்த திருத்தத்தில் இசைக்கருவிகளும் ஒலி எழுப்பும் கருவிகளும் இதில் சேர்க்கப்பட்டன. அதனால் 'மைக் இல்லை, வெறும் மிருதங்கம்தானே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

* கலையரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்கு விலக்கு உண்டு.

* கலாசார, மத விழாக்களுக்கு இரவு 10 முதல் 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். ஆனால் ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மேல் கூடாது.

* குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

2005 ஜூலை 18-ம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த இரவுத் தடையை உறுதி செய்தது. 15 நாள் தளர்வு விதியும் செல்லும் என்று அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது.

அப்போ சிக்கல் எங்கே?

விதி போட்டதில் தப்பு இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நோயாளிகள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் தூக்கம் வேண்டும். கூம்பு ஸ்பீக்கரை நாலு திசைக்கும் கட்டி அலறவிட்டால் அது கூத்தாக இருந்தாலும் தொல்லைதான்.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. விலக்கு கிடைப்பது சுவரும் கூரையும் உள்ள இடத்துக்கு. நகரத்து ஏசி அரங்கில் நள்ளிரவுக் கச்சேரி நடத்தினால் விதி தடுக்காது. அதே நேரத்தில் ஊர் மந்தைவெளியில் கூத்து நடந்தால் தடுக்கும். கூத்தின் களரிக்கு எப்போதுமே சுவர் கிடையாது. இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரைதான் அதன் மேடை அமைப்பு. திறந்தவெளி என்பது அந்தக் கலையின் இயல்பு. அதுவே சட்டத்தின் கண்ணில் பலவீனமாகிவிடுகிறது.

10 முதல் 12 வரை தளர்வு கிடைத்தாலும் பாதி ராத்திரிதான் தேறும். கட்டியங்காரன் வந்து, முக்கிய வேடம் திரை விலகி வரும் நேரத்தில் மணி 12 ஆகிவிடும். கடைசியில் எல்லாம் உள்ளூர் போலீஸாரின் பார்வையைப் பொறுத்ததாக மாறுகிறது. ஓர் ஊரில் நடக்கும், பக்கத்து ஊரில் நிற்கும்.

புரிசை காட்டும் வழி

ஜவ்வாது மலை திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்குப் பகுதி. அதே மாவட்டத்தின் வடகிழக்கில், செய்யாறு அருகே இருக்கிறது புரிசை கிராமம். தலைமுறை தலைமுறையாகக் கூத்து நடத்தும் குடும்பத்தின் ஊர். அந்தப் பரம்பரையின் பெரிய வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரான். 1977-ல் ந.முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குக் கூத்து கற்றுக்கொடுத்தவர். 2003-ல் மறைந்தார்.

அவர் நினைவாகப் புரிசையில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். ஒரே களத்தில் தெருக்கூத்தும் நடக்கும், நவீன நாடகமும் நடக்கும். சென்னையிலிருந்து வரும் நாடகக்காரர்களும் உள்ளூர் விவசாயிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். காப்ரியல் கார்சியா மார்க்வெஸ் எழுதிய சிறகு முளைத்த கிழவன் கதையைக்கூட கூத்தாக்கிய குழு இது.

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இன்னொரு முயற்சி நடந்தது. 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம், 2002-ல் ஒரு குருகுலம் ஆரம்பித்தது. பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் படித்தார்கள். ஆண்களே பெண் வேடமும் கட்டி வந்த கலையில் பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி கிடைத்தது. 2020-ல் குருகுலம் மூடப்பட்டாலும் அங்கே படித்தவர்கள் இன்றும் ஆடுகிறார்கள்.

இந்த இடங்கள் சொல்லும் பாடம் எளிமையானது. கூத்துக்கென்று ஓர் இடமும், தெரிந்த தேதியும், பொறுப்பெடுத்துக்கொள்ளும் அமைப்பும் இருந்தால் அனுமதி கேட்பதும் கொடுப்பதும் சுலபம்.

என்ன செய்யலாம்?

நடத்துபவர்கள் திருவிழாத் தேதி முடிவானதுமே எழுத்தில் விண்ணப்பிக்கலாம். ஆரம்பத்தை மாலை 6, 7 மணிக்கு இழுக்கலாம். கூம்பு ஸ்பீக்கருக்குப் பதிலாகக் கூட்டத்தைப் பார்த்து வைக்கும் சின்ன பாக்ஸ் போதும். கூத்துக்காரர்களின் குரல் மைக் வருவதற்கு முன்பே கடைசி வரிசைக்குக் கேட்ட குரல்தான்.

அரசு தரப்பில் 15 நாள் தளர்வை மொத்தமாக அறிவிக்காமல், அந்தந்த வட்டாரத் திருவிழாத் தேதிகளைப் பார்த்துப் பங்கிட்டால் பலன் அதிகம். 12 மணிக்கு மேல் நடக்கும் சடங்குக் கூத்துகளுக்கு வழி வேண்டும் என்றால், அதற்கு விதியே மாற வேண்டும். அது மத்திய அரசின் கையில் இருக்கிறது.

பார்க்கப் போறீங்களா?

ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போங்க, இது டிக்கெட் ஷோ இல்லை. ஒரு போர்வையும் டார்ச்சும் எடுத்துக்கோங்க. முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீங்க. பிடித்திருந்தால் கலைஞருக்கு அன்பளிப்பு கொடுங்க, கட்டியங்காரன் உங்க பேரையும் ஊரையும் சபையில் சொல்லிச் சிரிக்க வைப்பார். முக்கியமா, பாதியில் எழுந்து வந்துடாதீங்க. நல்ல வேடங்கள் பலவும் களம் ஏறுவது நள்ளிரவுக்குப் பிறகுதான்.