நோயாளியின் உணவும் வீட்டுத்தோட்டமும்

காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டவுடன் நோயாளியின் உணவை மாற்றுவது தமிழ்க் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். பத்தியம் காத்தாலே மருந்து பலிக்கும் என்பது முதியோர் கொள்கை. இவ்வழக்கங்களுட் பல அனுபவத்தால் விளைந்தவை; இன்றும் கைக்கொள்ளத்தக்கவை. வேறு சில உயிருக்கே கேடு விளைப்பவை. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, நல்லனவற்றிற்கு வேண்டிய பொருள்களை வளவிலேயே விளைவித்துக்கொள்ளுதல் ஒவ்வொரு கமக்காரக் குடும்பத்திற்கும் நன்மை தரும்.

கைக்கொள்ளத்தக்க வழக்கங்கள்

நோயுற்றவர்க்கு முதலிற் கொடுக்கப்படுவது கஞ்சி. இஃது எளிதிற் செமிக்கும். உணவோடு நீரையும் உடலுக்குக் கொடுக்கும். சோற்றை வடிக்கும்போது கஞ்சித்தண்ணீருடன் வீணாகும் உயிர்ச்சத்துக்கள் கஞ்சியில் வீணாவதில்லை. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெல்லினங்களைப் புழுங்க வைத்துக் குத்திய அரிசி இதற்கு ஏற்றது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிமணியினுட் செல்வதே இதற்குக் காரணமாகும். கஞ்சியிற் சிறிது பயறு சேர்த்தாற் புரதமும் கிடைக்கும்.

மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி ஆகியவற்றை அரைத்து, மிளகாயும் புளியும் எண்ணெயும் குறைத்துச் சமைக்கும் சரக்குக் கறியும் நல்ல வழக்கமே. அது நோயை நீக்கும் மருந்தன்று. எனினும் உணவில் வெறுப்புற்றிருப்பவரை உண்ணச் செய்யும். வேர்க்கொம்பு சேர்த்து அவித்த மல்லித்தண்ணீரும் அத்தகையதே. இளஞ்சூடான அப்பானம் தொண்டை நோவைத் தணிப்பதுடன் வியர்வையால் இழந்த நீரையும் ஈடு செய்கின்றது.

கைவிட வேண்டிய வழக்கங்கள்

காய்ச்சற்காரரைப் பட்டினி போடுதல் இவற்றுள் ஒன்று. உடற்சூடு ஒரு பாகை செல்சியசு உயரும்போது உடல் செலவிடும் சக்தி ஏறக்குறைய 10 வீதம் கூடுகின்றது. செலவு கூடும் வேளையில் வரவை நிறுத்துவது முறையன்று. வளர்ந்தவர் ஒருவர் பசியின்றி ஒருநாட் குறைவாக உண்பதாற் பெருந்தீங்கு இல்லை. சிறு குழந்தையோ சேமிப்புக் குறைந்த உடலினது. அது விரைவில் மெலிந்துவிடும். ஆதலாற் சிறிது சிறிதாகப் பல முறை ஊட்டுதல் வேண்டும்.

வயிற்றோட்டம் உள்ள குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் மேலும் போகும் என்று தடுப்பது எல்லாவற்றினும் கொடியது. அக்குழந்தைக்கு மரணம் பெரும்பாலும் நீரும் உப்பும் வற்றுவதாலேயே நேர்கின்றது. வயிற்றோட்டத்தின்போதும் குடலானது வெல்லத்துடன் சேர்ந்த உப்பையும் அதனுடன் நீரையும் உறிஞ்சவல்லது. 1971ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்து வனகாவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் இவ்வுண்மையைக் கொண்டு உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிப்பித்தார். நூற்றுக்கு 30 வரையில் இருந்த இறப்பு 4க்கும் கீழே குறைந்தது.

ஜீவனிப் பொதியை, உறையிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். பொதி கிடைக்காவிடத்து, ஒரு இலீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமான 6 தேக்கரண்டி சீனியும் மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு மிகுந்தால் ஆபத்து, அளவு பிசகலாகாது. கரைசலை 24 மணித்தியாலத்திற்கு மேல் வைத்திருத்தல் கூடாது. இளநீரிற் பொற்றாசியம் மிகுதி, உப்பின் சோடியம் குறைவு. எனவே அது துணையாகுமேயன்றி இக்கரைசலுக்கு ஈடாகாது. சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேளாது இளநீர் அருந்துதல் கூடாது.

தாய்ப்பாலை எந்நோயிலும் நிறுத்தலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மருந்துடன் தேன் குழைத்துக் கொடுப்பதும் தவறு. தேனிற் காணப்படக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துக்கள் சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம்.

நோய் தீர்ந்த பின்னும் முட்டை, மீன், பழம் ஆகியவற்றை வாரக்கணக்கில் விலக்குவதுண்டு. உடல் இழந்ததை மீளப் பெறும் காலம் அதுவே. வயிற்றோட்டம் நின்றபின் இரண்டு வாரங்களுக்குக் குழந்தைக்கு நாள்தோறும் ஒருவேளை உணவு மேலதிகமாகக் கொடுத்தல் வேண்டும்.

வளவில் நடவேண்டியவை

1. முருங்கை: ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமான முற்றிய கொம்பை மாரி மழையின் தொடக்கத்தில் நடலாம். நீர் தேங்கும் இடம் ஆகாது. இலையில் உயிர்ச்சத்து ஏ ஆகும் கரோற்றினும் இரும்பும் உண்டு. சின்னமுத்து கண்டு தேறும் பிள்ளைக்கு இவ்விலை மிகப் பயன்படும்.

2. பப்பாசி: விதையால் உண்டாக்கப்படும். வேர் அழுகாதிருக்க வடிகால் அவசியம். பழம் மெதுவானது, நோயாளி எளிதில் உண்ணலாம்.

3. வாழை: வாழைப்பழம் குளிர்ச்சி என்று விலக்கப்படினும், வயிற்றோட்டத்தால் இழக்கப்படும் பொற்றாசியத்தை ஈடு செய்ய அது உதவும். நோயற்ற தாய்மரத்தின் குட்டிகளையே தெரிந்து நடுக.

4. வல்லாரை: ஈரமும் சிறு நிழலும் உள்ள இடத்தில், ஓடும் தண்டுகளால் எளிதிற் பெருகும். கழிவுநீர் பாயும் இடத்தில் வளர்ந்ததைப் பச்சையாக உண்ணலாகாது.

5. கற்பூரவள்ளி, இஞ்சி, மஞ்சள்: சிறு பாத்தியோ பழைய வாளியோ போதும்.

நோயாளிக்கென வளர்க்கும் இவற்றிற்குப் பூச்சிநாசினி தெளித்தலைத் தவிர்க்குக. இலைகளை ஓடும் நீரிற் பலமுறை கழுவுக.

வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நேரம்

கண்கள் குழிவிழுதல், சிறுநீர் மிகக் குறைதல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, மயக்க நிலை, குடிக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் டெங்கு என ஐயுற்று இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். அக்காலத்திற் சிவப்பு நிறப் பானங்களைக் கொடுத்தால், வாந்தியில் இரத்தம் கலந்திருப்பதை அறிதல் கடினமாகும். பப்பாசி இலைச்சாற்றை நம்பி வீட்டில் இருத்தல் ஆபத்து.

வளவின் கீரையும் பழமும் வைத்தியருக்குப் பதிலாகா. வைத்தியர் தொடங்கிய வேலையை முடித்து வைப்பன அவை. வரும் மாரிக்கு முன் ஒரு முருங்கைக் கொம்பிற்கும் ஒரு வல்லாரைப் பாத்திக்கும் இடம் ஒதுக்குக.