அலியும் ஃப்ரேசியரும்: மறக்க முடியாத எதிரி

குத்துச்சண்டை வீரர்களான முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மூன்று முறை மோதினார்கள். வளையத்துக்கு வெளியே அந்த மோதல் ஃப்ரேசியரின் நினைவில் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967-இல் அலியின் குத்துச்சண்டை உரிமம் பறிக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெற ஃப்ரேசியர் ஆதரவளித்தார். ஆனால் முதல் போட்டி நெருங்கியதும் அலி அவரை வெள்ளையரின் கையாள் என்று ஏசினார். பின்னாளில் கொரில்லா என்றும் கேலி செய்தார்.

1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில், பதினைந்தாவது சுற்றில் ஃப்ரேசியரின் இடது ஹூக் அலியைத் தரையில் சாய்த்தது. வெற்றி ஃப்ரேசியருக்கே. 1974-இல் நடந்த இரண்டாவது போட்டியில் அலி வென்றார்.

1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் கடும் வெப்பத்தில் மூன்றாவது போட்டி. பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது ஃப்ரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மங்கியிருந்தது. தொடர்ந்து மோத அவர் துடித்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் போட்டியை நிறுத்திவிட்டார். வென்ற அலியும் சாவின் விளிம்பைத் தொட்டு வந்ததாகவே அதை நினைவுகூர்ந்தார்.

ஃப்ரேசியருக்கு உடம்பில் பட்ட குத்துகளைவிட அந்த ஏச்சுகளே ஆறாத புண்ணாயின. 1996-இல் வெளிவந்த அவரது தன்வரலாற்றிலும் அந்தக் கசப்பு தெரிகிறது. போட்டிக்கு ஆள் சேர்க்கவே அப்படிப் பேசியதாகச் சொல்லி, 2001-இல் அலி மன்னிப்புக் கேட்டார். 2011 நவம்பரில் ஃப்ரேசியர் மறைந்தபோது, நடுக்குவாதத்தால் தளர்ந்திருந்த அலி இறுதிச் சடங்குக்கு நேரில் வந்து மரியாதை செலுத்தினார்.