மின்சாரம் மீண்டபின் மறையும் பதிவுகள்

2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட அந்த நாட்களை மறந்தவர் இலர். அத்தகைய நீண்ட மின்வெட்டுகள் ஒழிந்த பின்னரும், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடைப்பட்ட எங்கள் பாலமுனை போன்ற கரையோர ஊர்களில், காற்றும் மழையும் சற்றே வலுத்தால் கரண்ட் போவதும் வருவதும் சகஜமாகவே இருக்கின்றன. விளக்கும் விசிறியும் மின்சாரம் வந்த கணமே இயங்கத் தொடங்கிவிடுகின்றன. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் கணினியோ, வெளிக்குச் சுகமாகத் தோன்றியபடியே, உள்ளூரப் பழுதுற்று நிற்கிறது. அந்தப் பழுதின் காரணத்தை விளங்கிக்கொள்ளாமல் மென்பொருளை நிந்திப்பது நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரி 15 ஆம் தேதி. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில், வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றவர்கள் கொண்டுவந்த வீடியோ டெக்குகளில் கேசட் சுழன்றது. பதிவு என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாக இருந்தது. 2002 இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் என்னும் அமெரிக்கர் மித்டிவி என்ற பதிவு மென்பொருளை எழுதத் தொடங்கினார். பின்னர் டிவிஹெட்எண்ட் முதலியனவும் தோன்றின. இவற்றை ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் நிறுவி, டிஷ் அன்டனாவின் வயரை ட்யூனர் வழியாக அதனோடு இணைத்து, பதிவுகளை வேறோர் அறையில் இருக்கும் நாஸ் என்னும் வலையமைப்புச் சேமிப்பகத்துக்கு அனுப்புவது இன்றைய வழக்கம். விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வரும் சாதாரண அலைவரிசை மணிக்கு 1.8 ஜிகாபைட் இடத்தை விழுங்குமாதலால், சிறு கணினியின் மெமரி கார்டை நம்பி இத்தொழிலை நடத்த இயலாது.

தொல்லை பிறப்பதும் இந்த இரு பெட்டிகளுக்கும் இடையிலேதான். மின்சாரம் மீண்டதும் சிறு கணினி அரை நிமிடத்தில் விழித்துவிடுகிறது; நாஸ் தன் வட்டுகளைச் சுழற்றிச் சோதித்துத் தயாராவதற்குச் சில நிமிடங்கள் செல்கின்றன. அதற்குள், நாஸை இணைப்பதற்கென ஒதுக்கிய ஃபோல்டரைத் தேடிச் செல்லும் பதிவு மென்பொருள், அங்கே நாஸ் இல்லாவிடினும் அதே பெயருடைய வெற்று ஃபோல்டர் மெமரி கார்டில் இருப்பதால், யாதொரு எச்சரிக்கையுமின்றி அதிலேயே எழுதத் தொடங்குகிறது. பின்னர் எவராவது நாஸை இணைத்தவுடன், தரையிற் கிடக்கும் காசின் மேல் பாய் விரித்தாற்போல, முன்பு எழுதப்பட்ட கோப்புகள் அனைத்தும் கண்ணுக்கு மறைகின்றன. அவை அழியவில்லை, ஆனால் கார்டு நிறைந்துகொண்டே போய், ஒருநாள் கணினியே ஸ்தம்பித்துவிடுகிறது. நாஸில் ஏராளமான இடம் இருக்கையில் "இடமில்லை" என்ற செய்தி வருமானால், பதிவு மென்பொருளை நிறுத்தி, நாஸின் இணைப்பை விடுவித்து, அடியிலிருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பதே முதற் காரியமாக வேண்டும். அங்கு கிடப்பவற்றை எடுத்துப் பத்திரப்படுத்திய பின்னரே பரிகாரத்துக்குச் செல்லலாம்.

லினக்ஸில் அப்பரிகாரம் இரு படிகளைக் கொண்டது. கணினி எழும்போதே நாஸை இணைக்க முயன்று தோற்பதற்குப் பதிலாக, அந்த ஃபோல்டரை எவரேனும் தொடும்போது இணைக்கும் ஆட்டோமவுண்ட் முறையை ஏற்படுத்துவது ஒன்று. இணைப்பற்ற நிலையில் அந்த வெற்று ஃபோல்டரில் எவராலும் எழுத முடியாதபடி, chattr என்னும் கட்டளையால் அதனைப் பூட்டிவிடுவது மற்றொன்று. இரண்டாவது படி, பதிவு தவறினால் தவறியது உடனே தெரியும்படி செய்கிறது. மௌனமாக நேரும் பிழையைவிட, கண்ணுக்குத் தெரியும் பிழை எவ்வளவோ மேலானது.

கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். 2023 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்புக்கு முந்திய ராஸ்பெரி பை எதிலும், மின்சாரமற்ற வேளையில் நேரத்தைக் காத்துவைக்கும் உறுப்பு கிடையாது. ஐந்தாம் பதிப்புக்கும் பற்றரியைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெறும்வரை, அவ்வாறு நேரத்தைக் காக்க இயலாத கணினி பழைய நேரத்திலேயே வாழ்கிறது. நோன்பு மாதத்தில் ஸஹர் வேளை நிகழ்ச்சியைப் பதியுமாறு குறித்து வைத்தவருக்கு, இணையமும் ரவுட்டரும் எழத் தாமதித்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

எல்லாம் இணைந்தும் "அனுமதியில்லை" என்று வந்தால், பயனரின் அடையாள எண்ணைச் சோதிக்க வேண்டும். 1984 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அளித்த என்எஃப்எஸ் என்னும் கோப்புப் பகிர்வு முறை, சாதாரண அமைப்பில், பயனரைப் பெயரால் அன்றி எண்ணாலேயே அறிகிறது. இரு பெட்டிகளிலும் பெயர் ஒன்றாயிருந்தும் எண் வேறாயிருந்தால் கதவு திறவாது. பழைய நாஸ் வைத்திருப்போர் பலர் எஸ்எம்பி என்னும் மற்றொரு பகிர்வு முறையின் முதற் பதிப்பையே நம்பியிருக்கின்றனர். 2017 இல் வின்டோஸும் லினக்ஸும் அதனை இயல்பான வழக்கிலிருந்து நீக்கிவிட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் வானாக்ரை என்னும் நாசகார நிரல் உலகெங்கும் பரவியது அம்முறையின் பலவீனத்தின் வழியாகத்தான். அப்பழைய பதிப்பை மீண்டும் உயிர்ப்பிப்பதைவிட, நாஸ் இடங்கொடுக்குமாயின் என்எஃப்எஸ்ஸுக்கு மாறுவது விவேகம்.

நோன்பு தொடங்குமுன் ஒரு பகற்பொழுதில் இரு பெட்டிகளையும் முறைப்படி அணைத்து, பின்னர் ஒரே சுவிட்சில் ஒருங்கே மின்சாரம் கொடுத்து, ஐந்து நிமிடப் பதிவொன்றைக் குறித்துப் பாருங்கள். முடிந்ததும் பதிவு மென்பொருளின் பட்டியலை நம்பாமல் நாஸின் சொந்தப் பக்கத்தைத் திறந்து தேடுங்கள். சாதாரண அலைவரிசையானால் ஏறத்தாழ 150 மெகாபைட் அளவில் ஒரு கோப்பு அங்கே இருக்க வேண்டும்.