எல்கேஜி டீச்சரின் ‘ரிசல்ட்’ எது?

மார்க் இல்லை, ரேங்க் இல்லை. அப்புறம் எல்கேஜி டீச்சருக்கு ஏப்ரலில் என்ன சந்தோஷம்?

ஜூனில் “அம்மாகிட்ட போகணும்” என்று கேட்டைப் பிடித்து அழுத குழந்தை, இப்போது டாட்டா சொல்லக்கூட மறந்து வகுப்புக்குள் ஓடுகிறது. கிரேயானை முழுக் கையால் இறுக்கிய பிள்ளை, மூன்று விரலில் பென்சில் பிடித்து ‘அ’ எழுதுகிறது. டிபன் பாக்ஸைத் தானே திறக்கிறது. “பாத்ரூம் போகணும் மிஸ்” என்று கூச்சமில்லாமல் கேட்கிறது. சண்டை போட்ட பிள்ளைக்கே பிஸ்கட்டில் பாதி தருகிறது.

ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த வகுப்பு கிடைக்கட்டும் என்றுதான், 2019-ல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜியைத் தொடங்கியது தமிழக அரசு.

எழுத்தை யுகேஜியிலும் கற்கலாம். பயமில்லாமல் வகுப்பில் உட்கார்வதுதான் முதல் பாடம். அடுத்த வகுப்புக்குப் பிள்ளை திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனால், டீச்சர் பாஸ்!