வழக்குரையும் கூலியும்: ஆங்கிலக் குற்றவியற் சட்ட உதவி பற்றிய ஒரு நோக்கு

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கோட்பாடு முதலாளித்துவ சமுதாயத்தின் பெருமைக்குரிய பிரகடனங்களுள் ஒன்றாகும். அதனை வெறும் பொய்யெனத் தள்ளிவிடுதல் எளிது. எந்த அளவுக்கு, எந்நிலைமைகளில் அது மெய்யாகின்றது என ஆராய்வதே பயனுடையது. நீதிமன்றத்தில் எதிரிக்காகப் பேசும் சட்டத்தரணிக்கு யார், எவ்வளவு, எந்த அடிப்படையிற் பணங் கொடுக்கின்றனர் என்ற வினா, பார்வைக்குக் கணக்காளருக்குரிய வினாவாகத் தோன்றினும், அவ்வாய்வின் மையத்துக்கே நம்மை இட்டுச்செல்வதாகும். இலக்கிய மாணவராகிய நாம் இதிற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வழக்குரை காதையைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வருகின்றோம். கண்ணகி வாதாட வந்தபோது கோவலன் உயிருடன் இல்லை என்பதையோ போகிற போக்கிற் சொல்லி விடுகின்றோம்.

நமது குற்றவியல் நடைமுறை பெரிதும் ஆங்கிலச் சட்ட மரபின் வழிவந்ததாதலின், இங்கிலாந்தின் அனுபவத்தையே இங்கு நோக்குவோம். பாரதூரமான குற்றஞ் சாட்டப்பட்டோரின் சார்பில் வழக்கறிஞர் ஜூரர்களை விளித்து வாதாடும் உரிமை அங்கு 1836 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பொதுவாக வழங்கப்பட்டது. ஆயின் அது வாங்கக்கூடியவனின் உரிமை. இல்லாதவனுக்கு இருந்த வழிகளுள் ஒன்று விசித்திரமானது. எதிரிக்கூண்டில் நின்றவாறே, மன்றில் அங்கி அணிந்து அமர்ந்திருக்கும் பாரிஸ்டர்களுள் ஒருவரை அவன் சுட்டிக்காட்டலாம். 1 பவுண் 3 சிலிங் 6 பென்ஸ் கொடுத்தால் அவர் மறுக்கவியலாது. தாமே பாரிஸ்டராக விளங்கிய ஜோன் மோர்ட்டிமர் 1957 இல் இவ்வழக்கத்தை வைத்து ஒரு நாடகம் எழுதினார். அதில், வாழ்நாள் முழுவதும் வழக்குக் கிடைக்காத ஒருவர் இவ்வாறு தெரிவுசெய்யப்பட்டு, வாய் திறக்கமுடியாது தோற்றுப்போகின்றார். எதிர்வாதம் அவ்வளவு மோசமாக இருந்தமையாலேயே எதிரிக்கு விடுதலை கிடைக்கின்றது. நகைச்சுவை நாடகமெனப் பெயர்பெற்ற இதனை நாம் யதார்த்த இலக்கியத்தோடு சேர்த்து எண்ண விரும்புகின்றோம்.

1903 ஆம் ஆண்டின் ஏழைக் கைதிகள் எதிர்வாதச் சட்டம் பொதுப்பணத்திலிருந்து வழக்கறிஞருக்கு ஊதியம் வழங்க வகைசெய்தது. ஆயின் ஒரு நிபந்தனை: விசாரணைக்கு முன்பே, நீதவான் முன்னிலையில், ஏழை தன் எதிர்வாதத்தை வெளிப்படுத்திவிட வேண்டும். பணமுள்ளவனுக்கு இக்கடப்பாடு இல்லை. அவன் தன் துருப்புச்சீட்டைக் கையில் வைத்திருக்கலாம். 1930 இல் இந்நிபந்தனை நீக்கப்பட்டது. தொழிற்கட்சி அரசாங்கம் 1949 இற் கொணர்ந்த சட்ட உதவிச் சட்டத்தின் குற்றவியற் பகுதியோ 1960களிலேயே நடைமுறைக்கு வந்தது. 1966 ஆம் ஆண்டின் விட்ஜெரி குழு அறிக்கையும் அடுத்த ஆண்டுச் சட்டமும் இன்றைய அமைப்புக்கு அடிகோலின. ‘நீதியின் நலன்’ வேண்டிநிற்கின்றதா என்பது அக்காலத்திலிருந்தே அளவுகோலாக இருந்துவருகின்றது.

இனி ஊதியத்தின் வடிவத்துக்கு வருவோம். ஆங்கிலச் சட்டத்தொழிலில் சொலிசிற்றர், பாரிஸ்டர் என்ற பிரிவினை உண்டு. நம்மிடையே முன்னர் நிலவிய பிறக்கிராசி, அப்புக்காத்துப் பிரிவினை போன்றது அது. தொடக்கத்தில் இரு சாராருக்கும் செய்த வேலையை நோக்கியே கட்டணம் மதிப்பிடப்பட்டது. செலவு பெருகப் பெருக, மணிக்கணக்கிற் கொடுத்தால் வேலை நீட்டப்படும் என்ற வாதம் எழுந்தது. அதிற் சிறிது உண்மையும் உண்டு. எனவே 1990கள் முதல் நிலையான கட்டணங்களும், கிரவுண் நீதிமன்ற வழக்குகளுக்குப் படிநிலைக் கட்டணங்களும் புகுத்தப்பட்டன. பொலிஸ் நிலையத்தில் வழங்கப்படும் ஆலோசனைக்கு 2008 முதல் ஒரே தொகை: இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் ஆறு மணித்தியாலம் இருந்தாலும் அதுவே. செய்த வேலையின் பெறுமதி அத்தொகையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கைத் தாண்டினாலன்றி மேலதிகமாக எதுவும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. மணிக்கணக்கு வேலையை நீட்டத் தூண்டுமாயின், நிலைக்கட்டணம் அதனைச் சுருக்கத் தூண்டும். முன்னையதன் நட்டம் திறைசேரிக்கு. பின்னையதன் நட்டம் சிறைக்கூடத்தில் இருப்பவனுக்கு. சீர்திருத்தவாதிகள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

படிநிலைக் கட்டணத்தில் குற்றத்தின் வகை, விசாரணை நாள்கள் என்பவற்றோடு வழக்குத்தொடுநர் சமர்ப்பித்த சான்றாவணங்களின் பக்க எண்ணிக்கையும் அளவையாயிற்று. அதாவது எதிர்வாதியின் உழைப்பு, எதிர்த்தரப்பு அச்சிட்ட தாளைக்கொண்டு அளக்கப்பட்டது. கைத்தொலைபேசித் தரவுகள் வந்தபின் ‘பக்கம்’ என்பது யாது என்பதே வழக்காயிற்று. சொலிசிற்றர்களுக்குக் கணக்கிலெடுக்கப்படும் பக்கங்களின் உச்சவரம்பு 2017 டிசம்பரில் 10,000 இலிருந்து 6,000 ஆகக் குறைக்கப்பட்டது. 2018 ஓகஸ்ற்றில் உயர் நீதிமன்றம் அதனைச் சட்டவிரோதமெனக் கண்டது.

இவற்றினும் முக்கியமானது பிறிதொன்று. பொலிசார் திரட்டியும் வழக்குத்தொடுநர் பயன்படுத்தாது விட்ட ஆவணங்களை வாசிப்பதற்குப் படிநிலைக் கட்டணத்தில் நெடுங்காலம் தனி ஊதியம் இருக்கவில்லை. எதிரியைக் காக்கும் சான்று கிடப்பது பெரும்பாலும் அங்கேதான். 2017 இன் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு, பொலிசாரிடம் இருந்த தொலைபேசிச் செய்திகளை எதிர்வாதப் பாரிஸ்டர் கேட்டுப் பெற்று வாசித்த பின்னர் கைவிடப்பட்டது. ஓர் இளைஞன் சிறை செல்லாது தப்பியமைக்குக் காரணமான அவ்வாசிப்பு, கட்டண அட்டவணையின்படி தனி ஊதியமற்ற உழைப்பு. 2020 செப்டெம்பரிலேயே அதற்கெனச் சிறுதொகை ஒதுக்கப்பட்டது. மிகைப்பெறுமதி பற்றி வகுப்பெடுப்போர் தொழிற்சாலை உதாரணங்களோடு நின்றுவிடாது இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சோவியத் சட்டவியலாளர் பஷுக்கானிஸ் 1924 இல் வெளியிட்ட நூலில், சட்ட வடிவம் பண்டப் பரிவர்த்தனையின் வடிவத்திலிருந்தே கிளைக்கின்றது என நிறுவ முயன்றார். கட்டண அட்டவணைகளைப் பார்க்கும்போது அவர் கூற்று மிகையன்று எனத் தோன்றும். ஆயின் அங்கேயே நின்றுவிடுதல் தவறு. மார்க்சிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1975 இற் காட்டியவாறு, சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவியாக இருக்கும்போதே அவ்வர்க்கத்தின் கைகளையும் ஓரளவு கட்டிவிடுகின்றது. தொம்சனை நமது தோழர் சிலர் திரிபுவாதி என்றனர். பொலிஸ் நிலைய வாசலில் மகனைத் தேடி ஓர் இரவேனும் நின்ற தாயிடம் அவர்கள் இது பற்றிக் கேட்டிருக்கலாம்.

2014 மார்ச்சில் சொலிசிற்றர் கட்டணங்கள் 8.75 வீதம் வெட்டப்பட்டன. 2021 இல் பெலமி பிரபுவின் மீளாய்வு, ஆண்டொன்றுக்கு 135 மில்லியன் பவுண் மேலதிகமாக, குறைந்தது 15 வீத உயர்வு உடனடியாக வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அரசாங்கம் இழுத்தடிக்கவே, 2022 ஏப்ரிலில் பாரிஸ்டர்கள், சகபாடிகள் விட்டுச்செல்லும் வழக்குகளை நல்லெண்ணத்தின்பேரில் ஏற்பதை நிறுத்தினர். யூனில் வெளிநடப்புக்கள் தொடங்கின. செப்டெம்பர் 5 முதல் காலவரையற்ற நிறுத்தம். அங்கியும் பொய்முடியும் தரித்த, சுயதொழில் செய்வோரெனத் தம்மைக் கருதிய கனவான்கள் நீதிமன்ற வாயிலில் மறியல் செய்தமை வேடிக்கைக்குரியதன்று. கூலியுழைப்பு எங்கெல்லாம் நுழைந்துவிட்டது என்பதன் அத்தாட்சி. ஒக்டோபரில் 57 வீதத்தினர் அரசாங்கத்தின் திட்டத்தை ஏற்றனர். பொலிஸ் நிலையங்களுக்கு இரவிற் செல்லும் சொலிசிற்றர்களுக்கோ அந்த 15 வீதம் முழுமையாகக் கிட்டவில்லை. அவ்வாறு மறுத்தமை நியாயத்துக்கு ஒவ்வாததென 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கூறிற்று.

நமது நாட்டில் 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 13(3) ஆம் உறுப்புரையில், குற்றஞ் சாட்டப்பட்டவர் நேரிலோ சட்டத்தரணி மூலமோ கேட்கப்படும் உரிமையை அளிக்கின்றது. சட்ட உதவி ஆணைக்குழுவைத் தாபித்த 27 ஆம் இலக்கச் சட்டமும் அதே ஆண்டினது. வசதியற்றவருக்கு, நீதியின் நலன் வேண்டும் விடத்து, கொடுப்பனவின்றிச் சட்ட உதவி நியமிக்கப்பட வேண்டுமென்பது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. அவ்வாறு நியமிக்கப்படுபவரின் ஊதியம் நாளைக்கொண்டு கணிக்கப்படுமா, வழக்கைக்கொண்டா, அவர் வாசிக்கவேண்டிய தாள்களைக்கொண்டா என்பது அதில் இல்லை.